தண்ணீர் இறங்கி வருகிறது. மனிதர் ஏறிப் போவது எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த விவசாயியிடம் வேண்டுமானாலும் முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவார். "நேரில் பார்த்ததுண்டா, ஐயா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும்!

14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. அதற்கு அப்பால் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் வரை அதன் பயன் போகிறது. ஆனால் அணை இருப்பதோ கேரளத்துக் காட்டின் நடுவில். சுற்றிலும் புலிகள் சரணாலயம்!

மலையேறும் பஸ்

தொலைவிலிருந்து வருபவர் மதுரை வரை விமானத்தில் வரலாம். 2023 ஜூன் முதல் போடி ரயிலும் மீண்டும் ஓடுகிறது. தேனியில் இறங்கிப் பஸ் ஏறினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். வழியெங்கும் நெல்லும், தென்னையும், திராட்சைப் பந்தலும் கண்ணைக் குளிர்விக்கும்.

லோயர் கேம்ப் தாண்டியதும் மலைப்பாதை. அங்கே நான்கு ராட்சதக் குழாய்கள் மலையிலிருந்து இறங்குகின்றன. பெரியாற்றுத் தண்ணீர் அவற்றின் வழியே பாய்ந்து, மின்சாரம் கொடுத்துவிட்டு வயலுக்குப் போகிறது. தண்ணீர் கீழே வர, பஸ் மேலே போகிறது. குமுளியோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது.

படகு உண்டு, அணை இல்லை!

அடுத்தது தேக்கடிப் படகுத்துறை. இங்கே உல்லாசப் படகு ஏறலாம். கரையில் யானையும் காட்டெருமையும் தென்படும். நூறாண்டுகளுக்கு முன் மூழ்கிய மரங்கள் இன்றும் கறுத்த தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அணையைக் காணும் முன்பே படகு திரும்பிவிடும்.

அணை வரை போகிறவர்கள் தமிழக அரசின் பொறியாளர்களும் ஊழியர்களும்தான். அவர்களுக்குத் துறையின் படகு உண்டு. இல்லாவிட்டால் வள்ளக்கடவு வழியாகக் காட்டுப் பாதையில் ஜீப். மழை கொட்டினால் அந்தப் பாதை படுமோசம்.

ஆனால் மழை கொட்டும்போதுதான் அவர்கள் அங்கே இருந்தாக வேண்டும்! 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் அனுமதித்த அளவு 142 அடி. நீர்மட்டம் அதை நெருங்கினால் இரவென்றும் பகலென்றும் பார்க்க முடியுமா?

ஆகாயத்தில் சென்ற சுமை

பென்னிகுயிக் 1887-ல் வேலை தொடங்கியபோது இந்த வசதிகூட இல்லை. ரயில் அம்மையநாயக்கனூரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டுவண்டிப் பிரயாணம். மலையடிவாரத்திலிருந்து கம்பியில் தொங்கியபடி ஆகாய மார்க்கமாகச் சாமான்கள் மேலே போயின. பிறகு கால்வாய் வழியே படகில் அணைக்குச் சென்றன.

வெள்ளம் தடுப்புகளை அடித்துச் சென்றது. மலேரியாக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. ஆனாலும் 1895 அக்டோபர் 10-ம் தேதி சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

ஆண்டுதோறும் ஜனவரி 15-ம் தேதி, பென்னிகுயிக் பிறந்த நாளில், பள்ளத்தாக்கு மக்கள் லோயர் கேம்ப்பிலுள்ள அவரது மணிமண்டபத்தில் கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். அணையைக் காண அவர்களால் போக முடியவில்லை. அதன் தண்ணீரில் விளைந்த அரிசி மட்டும் பானையில் பொங்குகிறது!