வெறும் முகத்தில் தெரியும் கோபம்

ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து ஒண்டிப்புதூர் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்ணெல்லாம் தூக்கம். "காப்பி வைக்கட்டுங்களா?" என்கிறார் மனைவி. பதில் சொல்லாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். பெரும்பாலான வீடுகளில் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அந்த மனைவிக்கு பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு இருந்தால் முடியாது. களைத்த முகத்தில் 'இனி நீ எனக்கு வேண்டாம்' என்று எழுதியிருப்பதாக அவருக்குப் படும். டம்ளர் பறக்கும், பெட்டி கட்டப்படும். மாலைக்குள் அதே கணவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற தவிப்பு வேறு.

ஊர் இதற்கு 'கொழுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறது, இல்லாவிட்டால் 'நடிப்பு'. மூளையைப் படம்பிடித்துப் பார்த்தவர்கள் சொல்லும் கதை வேறு.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு முகங்களின் படங்களைக் காட்டினார்கள். ஆய்வு 2003இல் வெளியானது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா, மற்றவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாகக் கிளர்ந்தது. எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தைக்கூட அவர்களில் சிலர் மிரட்டலாக எடுத்துக்கொண்டார்கள். 2013இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் கண்ணசைவையும் சேர்த்து அளந்தார்கள். இந்தக் கோளாறு உள்ள பெண்களின் பார்வை, கோப முகத்தின் கண்களை நோக்கி மற்ற பெண்களைவிட அதிகமாகவும் வேகமாகவும் பாய்ந்தது. யோசித்து முடிவெடுக்கும் முன்பே நடந்துவிடுகிற பாய்ச்சல் அது. அதில் நடிக்க நேரம் ஏது?

எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் பட்ட அடியும் அவமானமும் பலருக்குப் பின்னணியில் இருப்பதால், எது நோயின் விளைவு, எது பழைய காயத்தின் விளைவு என்று பிரிப்பதும் கஷ்டம்.

எனக்கு முக்கியமாகப் படுவது நெதர்லாந்தில் 2007இல் வந்த ஓர் ஆய்வு. பல நிறங்களில் அச்சிட்ட சொற்களைக் காட்டி, பொருளைக் கவனிக்காமல் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வார்கள். மனதைத் தைக்கும் சொல் வந்தால் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு நாக்கு தடுமாறும். உளவியல் சிகிச்சையில் குணமானவர்களிடம் அந்தத் தடுமாற்றம் காணாமல் போயிருந்தது. ஆக, கவனத்தைப் பழக்க முடியும். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் வகுத்த 'டிபிடி' (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) முறையும் பயிற்சிதான்: பொங்கும் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது, முகத்தில் குளிர்ந்த நீர் பட வைப்பது, முடிவைத் தள்ளிப்போடுவது. அவரே இளம் வயதில் மனநல மருத்துவமனையில் நோயாளியாக இருந்தவர். 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

தள்ளிப்போடுவது என்பது கொங்குப் பகுதியில் உயிர் காக்கும் விஷயம். வாசல் தெளிக்க வாங்கி வைக்கும் சாணிப்பவுடர் என்ற விஷப்பொடி, ஒரு கண நேர ஆவேசத்தில் எத்தனை பேரைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பது கோவை அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தெரியும். அவர்கள் எல்லோருக்கும் இந்தக் கோளாறு என்று சொல்லக் கூடாது. ஆனால் அலை தணியும்வரை கைக்கு எட்டும் தூரத்தில் விஷம் இல்லாதிருப்பது யாரையும் காக்கும். அந்தப் பாக்கெட்டை இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். 'நடிக்கிறாள்' என்று சொல்வதற்குப் பதில் 14416ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.