பழவேற்காட்டுத் துணியும் ஓலைக்கூடையும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள ஏரிக்கரை ஊர். ஒருகாலத்தில் இவ்வூரின் பெயரே ஒரு துணி வகைக்குப் பெயராக வழங்கியது. இவ்வூரிலும் சுற்றியுள்ள குப்பங்களிலும் பனையோலை முடையும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டில் துணி உலக அருங்காட்சியகங்களை எட்டியது. கூடை பெரும்பாலும் எட்டவில்லை.

துணி

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கு கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் மையம் இதுவே. அவர்களை இங்கு இழுத்தது துணிதான். இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க இந்தக் கரையின் துணியே பண்டமாற்றுப் பொருளாக இருந்தது. நெய்தவர்கள் பெரும்பாலும் உட்பகுதிக் கிராமத்து நெசவாளர்கள். பழவேற்காடு அவர்களுக்குத் துறைமுகம். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. சாயவேர் கடலோர மணலில் வளரும் சிறுசெடி.

கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. மலாய் மொழியில் கட்டக் கைலிக்கு இன்றும் 'காயின் பெலெகாட்' என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதித் தறிகள் இதன் போலியை நெய்து, 'புலிகேட்' கைக்குட்டை என்றே விற்றன. சரக்கைப் பறித்தவர்கள் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள் எனலாம்.

சோழமண்டலத்தின் பழைய துணிகளில் பல இந்தியாவில் கிடைத்தவை அல்ல. இங்கே துணி உடுத்தத்தான், கிழிந்தால் கந்தல். சுலவேசித் தீவின் தொராஜா மக்களோ அவற்றைப் புனிதக் குலச்சொத்தாகப் பெட்டிகளில் பாதுகாத்தனர். அப்படிக் காக்கப்பட்ட இந்தியத் துணிகள் சில இன்று லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 700 மாதிரிகள் கொண்ட 18 தொகுதிகளாக்கினார். இவ்வாறு உருவான 20 வரிசைகளில் 13 பிரிட்டனிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்து அதேபோல் செய்யட்டும் என்பதே முதன்மை நோக்கம். நெசவாளியின் பெயர் அவற்றில் இல்லை. பொதுவாக அருங்காட்சியக அட்டைகளிலும் 'சோழமண்டலக் கரை' என்ற அளவிலேயே விவரம் நின்றுவிடுகிறது.

ஓலை

பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழிப்பார்கள். நிறம் வேண்டுமானால் சாயம் கரைத்த கொதிநீரில் வேகவைப்பார்கள். முடையும்போது ஓலை லேசாக ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்தால் ஒடியும். பழவேற்காட்டில் வண்ணப் பெட்டிகள் முடைபவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர். வீட்டுவேலைக்கு நடுவே, திண்ணையில் நடக்கும் வேலை இது.

மீன்பிடியில் பயன்படும் கூடை வேறு. 'பறி' எனப்படும் அந்தச் சிறுகூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் இறங்கி, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள் ஏரியிலும் கழிமுகங்களிலும் உண்டு. இவர்களில் இருளர் பலர். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் கூடைக்கு வாய்தான் இடம். எனவே அது எடை குறைவாக, விளிம்பு பல்லை உறுத்தாததாக இருந்தாக வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் தனியே வைக்கப்பட்ட பறியைப் பார்ப்பவருக்கு இது விளங்காது.

கூடை அருங்காட்சியகத்துக்கு அரிதாகவே போனதற்குக் காரணங்கள் எளியவை. மலிவான பொருள், உப்புநீரில் நைந்தால் அடுப்புக்குப் போகும். சேகரித்தாலும் வறட்சியில் நொறுங்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். சாயத்துணியையாவது 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில் வைத்து நிறத்தைக் காக்கலாம். ஓலைக்கு ஈரப்பதம், பூச்சி இரண்டையும் ஆண்டு முழுக்கக் கண்காணிக்க வேண்டும். பழையது போனால் புதிதாக முடைந்து வைக்கலாம், முடையத் தெரிந்த கை இருக்கும்வரை. இப்போது பல குப்பங்களில் மீன் அள்ளுவது பிளாஸ்டிக் கூடையில்தான்.