மின்சாரக் கணக்கு – 7: வகுத்தலும் பெருக்கலும்

மின்னழுத்தத்தை வோல்ட்டிலும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும் அளக்கும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அவ்விரண்டு எண்களும் கைக்கு வந்துவிட்டால், மேற்கொண்டு வேண்டியது பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த கணிதமே. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை ஓம் கணக்கில் வரும். இரண்டையும் பெருக்கினால் அது செலவழிக்கும் திறன் வாட் கணக்கில் வரும். இத்தனை சுலபமான வகுத்தல் வெளியாகி, அதற்கு உரிய கௌரவம் கிடைக்கப் பதினான்கு வருஷங்கள் சென்றன என்பதுதான் ஆச்சரியம்.

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில், பூட்டுச் செய்பவர் ஒருவருக்கு மகனாக 1789-இல் பிறந்த கேயார்க் சைமன் ஓம், கொலோன் நகரத்துப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் போதித்துக்கொண்டே, கம்பியின் நீளத்துக்கும் அதில் ஓடும் மின்சாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய முற்பட்டார். 1825-இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. குற்றம் அவருடைய கணிதத்தில் இல்லை. அக்காலத்து மின்கலத்தில் இருந்தது. கம்பியை இணைத்த கணத்திலிருந்தே அதன் வேகம் தளர்ந்துகொண்டு வந்தபடியால், ஒரு கம்பியைச் சோதித்துவிட்டு அடுத்த கம்பிக்கு வருவதற்குள் பழைய அளவும் புதிய அளவும் ஒப்பிடத் தகாதவை ஆகிவிட்டன.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் சொன்னவர், விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான பொகெண்டார்ஃப். இரு வேறு உலோகங்கள் சேரும் இடங்களில் ஒன்றைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும் என்று சில வருஷங்களுக்கு முன்னர்தான் ஸீபெக் கண்டிருந்தார். அதையே பயன்படுத்தும்படி ஓமுக்கு யோசனை கூறினார் ஆசிரியர். பிஸ்மத்தும் செம்பும் கூடும் ஒரு முனையைக் கொதிநீரிலும் மற்றொரு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். நீர் கொதித்துக்கொண்டும் கட்டி உருகிக்கொண்டும் இருக்கும்வரை அவற்றின் உஷ்ணநிலை மாறாது. ஆகவே மின்சாரத்தை உந்தும் சக்தியும் மாறாது. பின்பு ஒரே கனமும் வெவ்வேறு நீளமும் உள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் சேர்த்து, மேலே தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டார். உந்துசக்தியை நிலைநிறுத்திய பிறகே தடை தன் சொரூபத்தைக் காட்டிற்று. 1826-இல் கிடைத்த இம்முடிவை, உஷ்ணம் பரவுவதைப் பற்றி ஃபூரியே வகுத்த கணிதத்தை மாதிரியாகக் கொண்டு, 1827-இல் நூலாக வெளியிட்டார். (மேல்நிலைத் தொட்டியையும் குழாயையும் கொண்டு நம் பாடப் புத்தகங்கள் இதை விளக்குகின்றன, ஓம் நினைத்ததோ நீரை அன்று, வெப்பத்தை.) சொந்த நாட்டில் புத்தகம் எடுபடவில்லை, மறு வருஷமே கொலோன் உத்தியோகத்தை விட்டு விலகினார். லண்டன் ராயல் சொஸைட்டி காப்ளி பதக்கம் அளித்த 1841-க்குப் பிறகுதான் அவருக்குக் காலம் திரும்பியது.

இனி நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு வருவோம். அதன் தகட்டில் 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால் அது இழுப்பது 4.35 ஆம்பியர், 230-ஐ அந்த 4.35-ஆல் வகுத்தால் உள்ளிருக்கும் நைக்ரோம் கம்பியின் தடை ஏறக்குறைய 53 ஓம். 5 ஆம்பியர் பிளக் இதைத் தாங்கும். அதே பிளக்கில் 1500 வாட் வெந்நீர்க் காயிலைச் செருகுகிறவர், 6.5 ஆம்பியரை அதன் தலையில் ஏற்றுகிறார் என்பதை அறியமாட்டார். பிளக்கு கருகிய பிறகு எலெக்ட்ரீஷியனைக் கோபித்துப் பயனில்லை.

சாயங்காலத்தில் ‘லோ வோல்டேஜ்’ வந்து அழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும்? நைக்ரோமின் தடை சூட்டினால் அதிகம் மாறாது. ஆகவே 53-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர் கிடைக்கும். பெருக்கினால் 612 வாட்டுக்குச் சற்றுக் குறையவோ கூடவோ நிற்கும். அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகத்தான் குறைந்தது. திறனிலோ ஐந்தில் இரண்டு பங்கே போய்விட்டது. அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைவதால், நஷ்டம் இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. மின்சாரம் கம்பியில் உண்டாக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1840-ஐ ஒட்டிப் பரிசோதித்து நிரூபித்தவர், இங்கிலாந்தில் சால்ஃபர்ட் நகரத்து பீர் உற்பத்தியாளர் குடும்பத்தில் பிறந்த ஜூல் என்னும் இளைஞர்.

ஆனால் இதே கணக்கை 60 வாட் குண்டு பல்புக்குச் செய்யப் புகுந்தால் மோசம் போவோம். எரியும்போது அதன் இழையின் தடை 880 ஓமுக்குச் சற்று மேல். அணைத்து, ஆறவிட்டு, கழற்றி எடுத்து மீட்டரால் அளந்தாலோ, அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில்தான் அந்தப் பெரிய தடையைப் பெறுகிறது. சுவிட்சைப் போட்ட கணத்தில் அது இன்னும் குளிர்ந்தே இருப்பதால், அப்போது பாயும் ஓட்டம் வழக்கமானதைப்போல் பத்து மடங்குக்கு மேல் எழும்பி மறுகணமே அடங்குகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே உயிர் விடுவதன் காரணமும் இதுவே. 180 வோல்ட்டில் இழையின் சூடும் அதன் தடையும் தணிவதால், பல்பு 37 வாட்டுக்கு இறங்காமல் 40-ஐ ஒட்டி நிற்கும். வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய்விடும். ஆகையால், எந்த நிலையில் உள்ள தடை வேண்டுமோ, அந்த நிலையில் ஒரே சமயத்தில் அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் கொண்டே வகுக்க வேண்டும்.

மின்விசிறிக்கு இவ்வளவும் போதாது. அதன் சுருளின் தடையை மீட்டரில் பார்த்து 230-ஐ அதனால் வகுத்தால், அது உண்மையில் இழுப்பதைவிட மிக அதிகமான ஓட்டம் விடையாக வரும். ஓடும்போது அளந்த வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினாலோ, வாட்மீட்டர் காட்டுவதைவிடப் பெரிய எண் கிடைக்கும். திசைமாறும் மின்சாரத்தில் சுருளின் காந்தம் நடுவே புகுந்து செய்யும் அந்த வேலையை அடுத்த வாரம் பார்ப்போம்.