ஆரமும் கோட்டமும்: அகன்ற கார்பன் வட்டையில் ஒரு சக்கரம்

ஒரு மொழியின் வளத்தை அதன் இலக்கியத்தில் தேடுவது நம் வழக்கம். அம்மொழியின் உழைப்பு வலிமையை அறிய வேண்டுமாயின் பட்டறைக்குள்தான் செல்ல வேண்டும். கையில் கருவியைப் பிடித்து ஒரு பொருளை உருவாக்குகையில், அதன் உறுப்புகளுக்கும் செயல்களுக்கும் பிழைகளுக்கும் சொல் கிடைக்கிறதா என்பதே அங்கு எழும் கேள்வி. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், நம் மாணவர்கள் வீட்டையும் விழாவையும் பற்றித் தமிழில் தடையின்றி எழுதுகின்றனர். ஓர் இயந்திரத்தைப் பற்றி எழுதச் சொன்னால் தயங்குகின்றனர். அத்தயக்கத்துக்குக் காரணம் மொழியின் வறுமையா, நம் பழக்கக் குறைவா என்பதை ஒரே ஒரு பொருளைக் கொண்டு இவ்வுரையில் ஆராய்வோம். அப்பொருள், மலைப்பாதை மிதிவண்டிக்கெனக் கையால் கட்டப்படும் அகன்ற கார்பன் சக்கரம்.

இப்பொருள் நம் வட்டாரத்துக்கு அயலானதன்று. செம்பவாங்கின் கடற்படைத் தளத்தில் 1938ஆம் ஆண்டு பெருங்கப்பல்களுக்கான உலர்துறை திறக்கப்பட்டது. அங்கும், 1968 முதல் அதன் வழிவந்த கப்பல் பட்டறையிலும் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். இரும்பும் திருகும் அளவுகோலும் அவர்களின் அன்றாட வாழ்வு. இன்று இவ்வட்டாரத்து இளையர் மிதிவண்டியேறி, 81 ஹெக்டேர் பரப்புள்ள செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவின் காட்டுத்தடங்களுக்கும், புலாவ் உபினில் 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைப்பாதைப் பூங்காவுக்கும் செல்கின்றனர். மழையில் நனைந்த வேர்களும் கூரிய கற்களும் நிறைந்த அத்தடங்களில் ஓட்டுநரைத் தாங்குவது சக்கரமே.

முதலில் உறுப்புப் பெயர்களைக் காண்போம். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டி விரிவாகக் காட்டப்படுகிறது. சக்கரத்தின் விளிம்பு அங்குச் 'சூட்டு' எனப்படுகிறது; நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும் உறுப்பு 'ஆரம்'; சக்கரம் 'உருளி'. சிறுபாணாற்றுப்படையின் தேர் வருணனையில் 'குறடு' என்பது நடுக்கட்டை, 'நேமி' என்பது விளிம்பு. பின்னாளில் வண்டி செய்த தச்சர்கள் நடுக்கட்டையைக் 'குடம்' என்றும், ஆரத்தை 'ஆரக்கால்' என்றும், மரவிளிம்பை 'வட்டை' என்றும், அதன்மேல் ஏற்றும் இரும்பு வளையத்தைப் 'பட்டா' என்றும் வழங்கினர். சிங்கப்பூரிலும் மாட்டுவண்டிக்கு ஒரு காலம் இருந்தது. கிரேத்தா ஆயர் என்னும் மலாய்ப் பெயருக்குத் 'தண்ணீர் வண்டி' என்பதே பொருள். தேக்கா வட்டாரத்தின் கெர்பாவ் சாலையும் பஃபலோ சாலையும் அங்கு நடந்த கால்நடை வணிகத்தின் எச்சங்கள். எனவே மிதிவண்டிச் சக்கரத்துக்குக் குடம், ஆரக்கால், வட்டை என்னும் மூன்று சொற்களையும் தயக்கமின்றிக் கையாளலாம். கடைகளில் 'ரிம்' என்று வழங்குவதும் இவ்வட்டையையே.

பெயர் ஒன்றாயினும் பொருள் இயங்கும் முறை வேறு. மாட்டுவண்டிச் சக்கரத்தில், பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டாவை மரவட்டையின்மேல் ஏற்றி நீரூற்றிக் குளிர்விப்பர். பட்டா சுருங்கி வட்டையை இறுக்கும். வட்டை ஆரக்கால்களை அழுத்தும். ஆரக்கால்கள் குடத்தின்மேல் அழுந்தும். வண்டியின் சுமையை, தரையை நோக்கி நிற்கும் ஆரக்கால் தூண்போல் தாங்கும். இங்கு ஆள்வது அமுக்குவிசை.

மிதிவண்டியின் ஆரக்காலோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுக் கம்பி. அதைத் தூணாக நிறுத்தினால் வளைந்துவிடும். ஆகவே அதை இழுத்துக் கட்டுகிறோம். இழுவிசையால் நிற்கும் சக்கரத்தை 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி சிந்தித்தார். 1870களில் ஜேம்ஸ் ஸ்டார்லி அதை மிதிவண்டியில் செம்மைப்படுத்தினார். கயிற்றுக் கட்டிலில் கயிறு இறுக்கமாக இருக்கும் வரையில் சட்டம் ஆடாது நிற்பதைப் போன்றது இது. ஓட்டுநர் ஏறி அமர்ந்தால், தரைக்கு அருகிலுள்ள கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறையும். அவை முற்றிலும் தளராத வரையில் சக்கரம் உறுதியாக நிற்கும். கம்பிகளை முன்கூட்டியே மிகுதியாக இறுக்கி வைப்பதன் காரணம் இதுவே.

அவ்விறுக்கத்தின் அளவை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 32 கம்பிகள் உள்ள சக்கரத்தில் ஒவ்வொன்றும் 100 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையுடன் இழுக்கின்றது எனக் கொள்வோம். மொத்தம் 3,200. இதை 6.28ஆல், அதாவது பையின் இருமடங்கால், வகுத்தால் வட்டையைச் சுற்றி நெருக்கும் அமுக்குவிசை கிடைக்கும்: ஏறத்தாழ 510 கிலோகிராம். ஒரு கையால் தூக்கக்கூடிய மெல்லிய வளையம், எவரும் ஏறாதபோதும் அரை டன் நெருக்கத்தைத் தாங்கியவாறே இருக்கின்றது.

இனி, வட்டை ஏன் அகன்றது என்பதைக் காண்போம். 1990களில் மலைப்பாதை மிதிவண்டி வட்டையின் உட்புற அகலம் பெரும்பாலும் 20 மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்று 30 மில்லிமீட்டர் பரவலாகிவிட்டது; மிக அகன்றவை 35 மில்லிமீட்டர் அளவினை எட்டுகின்றன. குறுகிய வட்டையில் தடித்த டயரை மாட்டினால் அது அடியில் ஒடுங்கி மேலே பருத்த குமிழ்போல் நிற்கும். வளைவில் திரும்புகையில் அதன் பக்கச்சுவர் சாயும். அதைத் தடுக்கக் காற்றை மிகுதியாக நிரப்ப வேண்டும். மிகுந்த காற்றோ நனைந்த வேரின்மேல் டயரைத் துள்ளச் செய்யும். அகன்ற வட்டையில் பக்கச்சுவர்கள் நிமிர்ந்து நிற்பதால் குறைந்த காற்றழுத்தத்திலும் டயர் உறுதியாக இருக்கும், தரையைப் பற்றும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. டயரின் அகலத்துக்குப் பொருந்தாத பேரகல வட்டையில் டயரின் முகம் தட்டையாகிவிடும். பக்கச்சுவர் வெளிப்பட்டுக் கல்லில் கிழியும்.

அடுத்தது கார்பன். தலைமயிரினும் மெல்லிய கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் பல திசைகளில் கிடத்தி, அச்சில் வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் இறுகச் செய்து இவ்வட்டையை ஆக்குகின்றனர். இழையின் திசையில் அதன் வலிமை மிகப் பெரிது. அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் அது குறைவு. எடையோ அலுமினியத்தினும் குறைவு. ஆதலால் அகலத்தைக் கூட்டியும் எடையை அடக்க முடிகிறது. ஆனால் இரண்டின் இயல்பும் வெவ்வேறு. கல்லில் மோதிய அலுமினியம் நசுங்கும், ஓரளவு நிமிர்த்தலாம். கார்பன் நசுங்குவதில்லை, அடி எல்லை மீறினால் விரிசல் விடும். விரிசல் கண்ட வட்டையில் பயணம் செய்தல் கூடாது.

சக்கரம் கட்டும் முறையை இனிப் படிப்படியாகக் கூறுவோம்.

முதற்படி அளவெடுத்தல். கம்பியின் நுனியைப் பற்றும் சிறு திருகு மூடிக்கு 'நிப்பிள்' என்று பெயர். வட்டையில் நிப்பிள்கள் அமரும் இடத்தின் விட்டத்தை நேரில் அளக்க வேண்டும். வட்டையின் ஆழமும் சுவர்த்தடிப்பும் ஆக்குவோருக்கு ஆக்குவோர் வேறுபடுவதால், 29 அங்குலம் என்னும் பெயரளவை நம்பிக் கம்பி வாங்கலாகாது. குடத்தின் இரு விளிம்புத் தட்டுகளின் விட்டத்தையும், நடுவிலிருந்து அவை நிற்கும் தொலைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் கம்பியின் நீளம் கிடைக்கும். சில மில்லிமீட்டர் பிசகினாலும் நிப்பிள் கம்பியை முழுமையாகப் பற்றாது, அல்லது மரையின் முடிவில் முட்டி நிற்கும்.

இரண்டாம் படி கோத்தல். குடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 16 கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் தன் பக்கத்துக் கம்பிகள் மூன்றைக் கடந்து வட்டையைச் சேரும். மூன்றாவதைக் கடக்கையில் அதன் மறுபுறமாகச் சென்று பின்னிக்கொள்ளும். இவ்வாறு சாய்த்துக் கோப்பதற்குக் காரணம் உண்டு. மாட்டுவண்டியில் காளைகள் வண்டியை இழுக்கின்றன. சக்கரம் தன்போக்கில் உருள்கிறது. மிதிவண்டியிலோ பின்சக்கரக் குடந்தான் வட்டையைத் திருப்ப வேண்டும். தட்டுப் பிரேக்கு பிடிக்கையில் குடந்தான் வட்டையை நிறுத்த வேண்டும். குடத்திலிருந்து நேராக வெளிச்செல்லும் கம்பியால் அம்முறுக்கு விசையைக் கடத்த இயலாது; குடத்தைத் தொட்டுச் செல்லும் கோடாக அமைந்த கம்பியால் இயலும்.

மூன்றாம் படி இறுக்குதல். எல்லா நிப்பிள்களையும் ஒரே அளவாக, முதலில் ஒரு சுற்று, பின்னர் அரைச்சுற்று, இறுதியில் கால்சுற்று என இறுக்கிச் செல்ல வேண்டும். வட்டை பக்கவாட்டில் ஆடுகிறதா, மேலும் கீழும் எழுகிறதா, குடத்தின் இரு முனைகளுக்கும் நடுவில் நிற்கிறதா என மூன்றையும் இடையிடையே நோக்க வேண்டும். பின்சக்கரத்தின் வலப்புறத்தில் பற்சக்கர அடுக்கு இடம் பிடித்துக்கொள்வதால் வலப்பக்கக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் இழுவிசை மிகும். இவ்வேற்றத்தாழ்வைக் குறைக்கவே சில வட்டைகளில் துளைகளை நடுவினின்று விலக்கி அமைக்கின்றனர்.

அலுமினிய வட்டையில் சிறு வளைவை இரண்டு மூன்று கம்பிகளை முறுக்கி மறைத்துவிடலாம். கார்பன் வட்டை அதற்கு இணங்காது. அது தன் வடிவிலேயே நிற்கும். முறுக்கிய கம்பியில் மட்டும் விசை ஏறும். வட்டை ஆக்குவோர் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் உச்ச இழுவிசையை விதிக்கின்றனர். பெரும்பாலும் அது 100 முதல் 130 கிலோகிராம் அளவில் அமையும். அதை மீறினால் துளையைச் சுற்றி அடுக்குகள் பிரியக்கூடும். ஆகவே இழுவிசைமானி கொண்டு ஒவ்வொரு கம்பியையும் அளப்பது இன்றியமையாதது. விரலால் கம்பியை மீட்டிப் பார்ப்பதும் பழைய முறை: ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலித்தால் இழுவிசை சமமாக உள்ளது எனக் கொள்ளலாம். இறுதியாக இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பற்றி அழுத்தினால் அவை தத்தம் இடத்தில் நன்கு படியும். அதன்பின் ஒருமுறை மீண்டும் அளந்து திருத்த வேண்டும்.

நம் ஊருக்கு உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. கார்பனும் அலுமினியமும் ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் தொட்டுக்கொண்டிருந்தால், மின்வேதி வினையால் அலுமினியம் அரிக்கப்படும். ஜோகூர் நீரிணையின் உப்புக்காற்றும் ஆண்டு முழுதும் நிலவும் ஈரப்பதமும் உள்ள செம்பவாங்கில், சில கிராம் எடை கூடினாலும் பித்தளை நிப்பிளே தக்கது.

இத்துணை விளக்கத்துக்கும் தமிழ் இடம் கொடுத்தது. அச்சொற்கள் மூவகையின என்பதை ஆசிரியர்கள் கருத வேண்டும்.

முதல்வகை, பழஞ்சொல் புதுப்பொருளை ஏற்றல். 'ஆரம்' கணிதத்தில் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும் நேர்க்கோடு. மலைப்பாதை மிதிவண்டியின் ஆரக்காலோ ஆரத்தின் வழியே செல்வதில்லை. 'கால்' என்பது நின்று தாங்குவது. இக்கம்பியோ இழுத்துத் தாங்குவது. ஆயினும் சொல் பொருந்தி நிற்கிறது. பொருள் மாறும்போது சொல்லைக் கைவிடாமல் உடன் அழைத்துச் செல்வதும் மொழியின் இயல்பே. திருக்குறளின் 496ஆம் குறளில் 'கால்' தேரின் சக்கரத்தையே குறிப்பதும் நினைக்கத்தக்கது.

இரண்டாம் வகை, கடன்சொல் தமிழ் ஒலிக்கு இசைதல். தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைகளில் ஆரக்காலைப் 'போக்ஸ் கம்பி' என்பர். தமிழில் மெய்கள் இணைந்து சொல்லுக்கு முதலாவதில்லை. ஆதலால் 'ஸ்போக்ஸ்' என்பதன் தொடக்க மெய் உதிர்ந்தது. ஈற்றிலிருந்த பன்மை விகுதியோ விகுதி என்று உணரப்படாமல் ஒருமையிலும் தங்கிவிட்டது. இலக்கணம் படிக்காத கைகள் இலக்கணம் பிழையாமல் ஆக்கிய சொல் இது. ரிம், நிப்பிள், டயர் ஆகியவையும் இவ்வாறு வாழ்பவையே. அவற்றை விரட்ட வேண்டியதில்லை.

மூன்றாம் வகை நம்மை வியக்க வைப்பது. சக்கரத்தின் வளைவை நீக்குவதைக் கடைகளில் 'பெண்டு எடுத்தல்' என்பர். 'கோட்டம் எடுத்தல்' என்றும் கூறுவர். அக்'கோட்டம்' திருவள்ளுவரின் சொல். நடுவுநிலைமை அதிகாரத்தின் 119ஆம் குறளில் சொல்லின் வளைவையும் உள்ளத்தின் வளைவையும் அவர் அச்சொல்லாலேயே குறித்தார். அதற்கு எதிராகச் 'செப்பம்' என்பதை வைத்தார். வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதிக் கற்பிக்கும் சொல்லை, எண்ணெய்க் கறை படிந்த கை ஒன்று உரையின் துணையின்றி இயல்பாக ஆண்டுவருகிறது.

ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை தெளிவு. வறுமை மொழியில் இல்லை. சொற்கள் ஏட்டிலும் பட்டறையிலும் கடையிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு பொருளின்மேல் ஒன்றுகூட்டும் பயிற்சியே குறைவு. பயன்படாத சொல்லும் தளர்ந்த கம்பியைப் போன்றதே: இருக்கும் இடத்தில் இருக்கும், சுமையை ஏற்காது. பிறகு அச்சுமை பக்கத்துக் கம்பிகளின்மேல் விழும்.

ஆசிரியர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் எளியது. பழைய மிதிவண்டிச் சக்கரம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். உறுப்புகளுக்குப் பெயர் கேளுங்கள். கம்பிகளை எண்ணச் சொல்லுங்கள். மீட்டி ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கம்பி தளர்ந்துள்ளது, வட்டை எப்பக்கம் கோடியுள்ளது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். மாணவர் ஆங்கிலச் சொல்லைக் கூறினால் தடுக்காதீர்கள். அதன் அருகில் தமிழ்ச் சொல்லையும் வையுங்கள். சக்கரத்தின் கோட்டத்தை எடுக்க ஒரு சாவி போதும். அந்நேரத்தில் இரண்டையும் அவர்கள் ஒருசேரக் கற்பர்.