ஓட்டு வீட்டின் உஷ்ணமும் பரண்மேல் விதையும்

நம் கிராமங்களிலுள்ள பழைய ஓட்டு வீடுகளில் உள்ளே நின்று அண்ணாந்து நோக்கினால் பனங்கைகளும், வரிச்சுகளும், ஓடுகளும் மறைவின்றிக் காணப்படும். கோடைக்காலத்து நடுப்பகலில் ஓடு காய்ந்து, அவ்வனல் தடையின்றிக் கீழே இறங்குகிறது. வசிப்போர்க்கு இதனால் உண்டாகும் அசௌகரியத்தினும் விதைக்கு நேரும் நஷ்டமே பெரிது. விதை நெல்லையும் நிலக்கடலையையும் பரண்மீது வைப்பது பலரின் வழக்கம். வீட்டில் உஷ்ணம் மிகுந்த இடமும் அதுவே. சேமிப்பிடத்தின் வெப்பம் ஏறக்குறைய 5 டிகிரி சென்டிகிரேட் குறையுந்தோறும் விதையின் ஆயுள் இரட்டிக்கும் என்பது விதை நூலார் கண்ட பொது விதி. ஆகவே, கூரையின் அனலைத் தடுத்தல் விவசாயச் செலவில் சேர்க்கத்தக்கதேயாம்.

முதற்கண் கூரையைச் சோதித்தல் வேண்டும். ஒழுகும் கூரையின் அடியில் எதனைப் பொருத்தினும் அது நனைந்து பயனற்றுப்போவதுடன் மரத்தையும் கெடுக்கும். உடைந்த ஓடுகளை மாற்றி, சுவரில் பதிந்த கைமர நுனிகளில் கரையான் அல்லது உளு உண்டா என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

செலவு மிகக் குறைந்த முறை ஓட்டின்மேல் சுண்ணாம்பு பூசுதல். வெண்மை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பிவிடுமாதலின் ஓடு காய்வதே குறையும். மழையில் இது கரைந்துபோவதால் ஆண்டுதோறும் பங்குனிக்குள் பூசுதல் நலம்.

இரண்டாவது முறை, கைமரங்களுக்கு அடியில் மூங்கிற்பாயினாலோ மெல்லிய பலகையினாலோ உள்கூரை அமைத்தல். இடையே சூடேறும் காற்று வெளியேற முகட்டருகிலும் இறவாரத்திலும் துவாரங்கள் விட்டு, எலி புகாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும். மறைந்துபோகும் கைமரங்களை அவ்வப்போது சோதிப்பதற்காக ஒரு பகுதியைக் கழற்றக்கூடியதாக அமைத்தல் அவசியம். விறகடுப்புள்ள சமையலறையில் பாயும் வைக்கோலும் ஆகா. தெர்மாக்கோலும் எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை விடுமாதலின் விலக்கத்தக்கது.

கைமரங்கள் மறையாதிருக்க விரும்புவோர்க்கு மூன்றாவது முறை ஏற்றது. மங்களூரில் 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனார் தொழிற்சாலை நிறுவியபின் பரவிய சீமை ஓட்டை வேயும்போது, கைமரங்களின்மேல் தட்டையான உள்கூரை ஓடுகளை முதலிற் பரப்பி, சற்று இடைவெளி விட்டு மேலோட்டை வேய்வர். ஓடு பிரித்து மாற்றும் ஆண்டில் இதனைச் செய்யலாம். பாரம் மிகுமாதலால் கைமரங்கள் தாங்குமா என்பதைத் தேர்ந்த தச்சரைக் கொண்டு முன்னரே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடியுமுன்னும் முடிந்தபின்னும், வெயிலின் கடுமை ஒத்த நாட்களில், பரணில் உஷ்ணமானி ஒன்றைத் தொங்கவிட்டுப் பிற்பகல் 2 மணிக்கு அளவைக் குறித்துவரின் பலன் விளங்கும். அதுவரை விதையைப் பரணினின்று இறக்கி, ஈரந்தட்டாதபடி மரக்கட்டைகளின்மேல் அடுக்கி வைப்பது நன்று. விதைப்பதற்குமுன் 100 விதைகளை ஈரச்சாக்கில் முளைகட்டி எண்ணுக. நெல்லில் 80-க்கும், நிலக்கடலையில் 70-க்கும் குறைவாக முளைப்பின் அவ்விதையை நம்பி நிலத்தைத் தயாரித்தல் கூடாது.