நைட் பஸ், நாலு மணி நேரத் தூக்கம், விடிஞ்சா தீர்த்தமலை... கண்ணு ஏன் உறுத்துது?

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிச்சு பெங்களூரிலோ ஓசூரிலோ பஸ் ஏறி, விடியக்காலையில் அரூர்ல இறங்கி, அங்கிருந்து பைக்கில் தீர்த்தமலைக்குப் போற கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா? பாதி வழி ரீல்ஸ், மீதி வழி அரைத்தூக்கம். படியேறி, பாறையிலிருந்து விழும் இராம தீர்த்தத்துக்குக் கீழே தலையை நீட்டும்போது கண்ணுல மண் விழுந்த மாதிரி உறுத்தும். 'தூசி போயிருக்கும்'னு தேய்ப்பீங்க. பல நேரம் அது தூசியே இல்லை, தூக்கம் பத்தாததுதான்.

நம் விழியின் மேல் எப்போதும் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கும். வெறும் தண்ணீர் அல்ல. ஆவியாகாமல் காக்க எண்ணெய், விழியோடு ஒட்ட வழவழப்பான சளி எல்லாம் சேர்ந்தது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அது புதிதாகப் பூசப்படுகிறது. சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவை இமைக்கிற நாம், போனைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. தூங்கும்போது மூடிய இமைக்குள் இந்த ஈரம் பத்திரமாக இருக்கும். தூக்கம் குறைந்தால் கண்ணீர் சுரப்பும் குறையும், படலமும் சீக்கிரம் உடையும். எழுத்து மங்கி, ரெண்டு தடவை இமைச்சா தெளியுதுன்னா காரணம் பெரும்பாலும் இதுதான். இமை துடிக்கிறதும் அப்படித்தான். இடது கண்ணா வலது கண்ணான்னு பலன் பார்க்குறதுக்கு முன்னாடி, நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினோம், எத்தனை டீ குடிச்சோம்னு கணக்குப் பாருங்க.

லென்ஸ் போடுறவங்களா?

அப்போ இந்தப் பகுதி உங்களுக்குத்தான். கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. விழித்திருக்கும்போது ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தூங்கும்போது இமையின் உள்பக்க ரத்தக்குழாய்களிலிருந்து கொஞ்சமாகக் கிடைக்கும். அதனால் ராத்திரியில் கருவிழி லேசாக வீங்குவதும், எழுந்த பிறகு வடிவதும் இயல்பு. பஸ்ஸில் லென்ஸோடு தூங்கினால் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனும் தடைபடும். லென்ஸோடு தூங்குகிறவர்களுக்குக் கருவிழித் தொற்று வரும் ஆபத்து 6 முதல் 8 மடங்கு அதிகம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். முற்றினால் பார்வையே பறிபோகலாம்.

அதே லென்ஸோடு தீர்த்தத்தில் நிற்பது இன்னும் மோசம். ஓடை, கிணறு, குழாய் என எந்தத் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கருவிழியை அரிக்கும். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். சாமி கோவிச்சுக்க மாட்டார், லென்ஸைக் கழட்டிட்டு கண்ணாடி போட்டுக்கிட்டு மலையேறுங்க.

கண் பார்ப்பதற்கு மட்டுமல்ல. வெளிச்சத்தை அளந்து, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு 'பகல் வந்தாச்சு' என்று சொல்லும் செல்களும் விழித்திரையில் இருக்கின்றன. இந்தக் கடிகார ஆராய்ச்சியில் நம்ம மதுரைக்குப் பெரிய பெயர் உண்டு. காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குழு, குகை வௌவால்களிடமும், வெளிச்சமும் நேரமும் தெரியாத அறையில் தங்கவைக்கப்பட்ட மனிதர்களிடமும் இதை ஆராய்ந்தது. ராத்திரி 1 மணிக்கு முகத்துக்கு நேரா போனைப் பிடிச்சா, அந்தக் கடிகாரம் குழம்பித்தான் போகும்.

'ப்ளூ லைட் கண்ணாடி வாங்கிட்டேனே'ங்கிறீங்களா? 17 ஆய்வுகளை அலசிய 2023-ம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, கண் சோர்வை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. காசு உங்களோடது!

உண்மையான ஆபத்து அரூரில் பைக்கை ஸ்டார்ட் பண்ணும்போதுதான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 1997-ல் காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03 சதவிகிதம்தான். கண் திறந்தபடியே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் 50 மீட்டர். எதிரே கரும்பு லாரி வந்தாலும் தெரியாது. முகத்துல தண்ணி அடிச்சா பத்து நிமிஷம் தாங்கும், அவ்வளவுதான். அரூரிலேயே அரை மணி நேரம் கண்ணை மூடிட்டுக் கிளம்புங்க, இல்லைன்னா டவுன் பஸ்ல போங்க.

வீட்டில் அப்பா பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறாரா? ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். அவர்களுக்குக் கண் நீர் அழுத்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வெளியே எந்த அறிகுறியும் காட்டாத நோய் அது, ஒருமுறை அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

ரெண்டு நாள் நல்லா தூங்கியும் சிவப்பு போகலையா? வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அந்த ரெண்டு நாள்கூட காத்திருக்க வேண்டாம். மெடிக்கல்ல கேட்டு சொட்டு மருந்து வாங்கி விடாதீங்க. அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்றை வளர்க்கும், கண் அழுத்தத்தையும் ஏற்றும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கு. போகும்போது கழட்டின லென்ஸையும் டப்பாவோடு எடுத்துட்டுப் போங்க, பரிசோதனைக்கு உதவும்.