துப்பாக்கிக்கும் ஜோடி உண்டு!

தூரத்தில் இருப்பதைக் குறி பார்த்துச் சுட, துப்பாக்கியில் டெலஸ்கோப் பொருத்துகிறார்கள். அதில் தெரியும் குறியும், குண்டு போய்ப் படும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும். சுட்டுச் சுட்டுப் பார்த்து, திருகைத் திருப்பி இதைச் சரி செய்வார்கள்.

பிறகு டெலஸ்கோப் இம்மியளவு சாய்ந்தாலும் ஆபத்துதான். ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு சாய்ந்தால், 400 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 12 சென்டி மீட்டர் விலகிவிடும்!

மறைந்திருந்து சுடும் சிப்பாய்க்கு முதல் குண்டு தவறினால், அவன் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவன் உயிருக்கே ஆபத்து.

ஆனால் டெலஸ்கோப்பைக் கழற்றாமலும் இருக்க முடியாது. அடிபட்டால் கெட்டுவிடுமே!

பெட்டிக்குள் டெலஸ்கோப்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் இதற்கு ஒரு வழி செய்தது. அதன் 'நம்பர் 4 (டி)' துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு டெலஸ்கோப் பொருத்தியது, லண்டன் 'ஹாலண்டு அண்டு ஹாலண்டு' கம்பெனி.

விரலால் திருகும் இரண்டு திருகாணிகள். அவற்றைத் தளர்த்தினால் டெலஸ்கோப் கையோடு வந்துவிடும். அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைப்பார்கள்.

மறுபடி மாட்டும்போது வேறு துப்பாக்கியில் மாட்டிவிடக்கூடாது அல்லவா? அதற்காகத் துப்பாக்கியின் எண்ணை டெலஸ்கோப் தாங்கியிலும், டெலஸ்கோப்பின் எண்ணைத் துப்பாக்கிக் கட்டையிலும் பொறித்தார்கள். ஜோடி மாறக்கூடாது!

இன்று எப்படி?

1995-ல் அமெரிக்க ராணுவம் 'பிக்காடினி' என்ற பள்ளம் வெட்டிய தண்டுக்கு ஒரே அளவு வகுத்தது. அதற்கென்று செய்த எந்த டெலஸ்கோப்பும் அதில் உட்காரும்.

ஆனால் குறி? கழற்றியதை அதே பள்ளத்தில் வைத்து, முன்போலவே இறுக்கி, சுட்டுப் பார்க்கவேண்டும். வேறு டெலஸ்கோப் என்றால், முதலிலிருந்து குறி சரி செய்தே ஆகவேண்டும்!